விலைப் பலகையை மாற்றக் கடையைப் பூட்டுவதா?

அரூர் பஸ் நிலையம். காலை மணி ஒன்பது.

சித்தேரி மலையில் இருந்து வந்த பஸ்சை விட்டு ஒரு தாய் இறங்குகிறார். கூடவே மகன். பிளஸ்-2 தேறியவன். கல்லூரியில் சேர வேண்டும். அதற்கு ஜாதிச் சான்றிதழ் வேண்டும்.

மலைவாழ் மக்களுக்கு இந்தச் சான்றிதழ் உயிர் போன்றது. அது இருந்தால்தான் பழங்குடியினருக்கு உரிய இடம் கிடைக்கும். உதவித்தொகை கிடைக்கும். தமிழ்நாட்டில் பழங்குடியினர் சான்றிதழை வழங்குபவர் வருவாய் கோட்டாட்சியர். அரூரில் அந்த அலுவலகம் இருக்கிறது. ஆனால் மனுவைக் கம்ப்யூட்டர் வழியாக அனுப்புவதுதான் இப்போதைய முறை. அதனால் தாயும் மகனும் இ-சேவை மையத்துக்குப் போகிறார்கள். வரிசையில் நிற்கிறார்கள்.

வரிசை நகரவில்லை.

"சர்வர் வேலை செய்யலைம்மா. மத்தியானம் வந்து பாருங்க" என்கிறார், மையத்தில் இருக்கும் பெண்.

அந்தத் தாய் யாரைக் கோபித்துக்கொள்வார்? மையத்துப் பெண்ணின் மீது தவறு இல்லை. அவரும் திரையைப் பார்த்தபடி சும்மாதான் உட்கார்ந்திருக்கிறார். சர்வர் எங்கே இருக்கிறது, அதை யார் நிறுத்தினார், ஏன் நிறுத்தினார் என்பது இருவருக்குமே தெரியாது.

2025-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு மத்திய அரசு நிர்ணயித்த கூலி, நாள் ஒன்றுக்கு 336 ரூபாய். மலையில் இருந்து இறங்கி வந்த அன்று அந்தத் தாய்க்கு எந்த வேலையும் இல்லை, கூலியும் இல்லை. மறுநாளும் வர நேர்ந்தால் இரண்டு நாள் கூலி போயிற்று. வழிச் செலவு தனி. சாப்பாட்டுச் செலவு தனி.

இந்தக் காட்சி அரூருக்கு மட்டும் சொந்தம் அல்ல. தாலுகா தலைநகர் ஒவ்வொன்றிலும் காணக்கூடியதுதான்.

சர்வர் நிற்பதற்குக் காரணங்கள் பல. மின்சாரம் போகலாம். கேபிள் அறுந்து போகலாம். ஒரே நேரத்தில் லட்சம் பேர் மொய்த்துக்கொள்ளலாம். இவற்றை எல்லாம் ஒருவாறு மன்னித்துவிடலாம். ஆனால் மன்னிக்க முடியாத காரணம் ஒன்று உண்டு. ஏதோ ஒரு சின்ன விதியை மாற்றுவதற்காக, ஓடிக்கொண்டு இருக்கும் சர்வரையே நிறுத்தி, மறுபடியும் ஓடவிடுவது!

விலைப் பலகையில் ஓர் எண்ணை அழித்து எழுதுவதற்காகக் கடைக்காரர் கதவைப் பூட்டினால் ஊர் சிரிக்காதா? கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் யாரும் சிரிப்பது இல்லை. "அது அப்படித்தான் போலிருக்கிறது" என்று நம்பிவிடுகிறார்கள்.

அது அப்படி அல்ல. நிறுத்தாமலே விதியை மாற்றும் முறை வந்து 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அதுவும் இலவசமாக!

ஓட்டல் சர்வரும் கம்ப்யூட்டர் சர்வரும்

"சர்வர்" என்ற சொல் தமிழ்நாட்டுக்குப் புதிது அல்ல. 1964-ல் நாகேஷ் நடித்து "சர்வர் சுந்தரம்" என்ற படமே வந்தது. ஓட்டலில் தோசையும் காப்பியும் கொண்டுவந்து வைப்பவர் சர்வர். கம்ப்யூட்டர் சர்வரும் அதே வேலையைத்தான் செய்கிறது. அரூரில் ஒருவர் "இந்தப் படிவம் வேண்டும்" என்று திரையைத் தொடுகிறார். எங்கோ இருக்கும் சர்வர் அதைக் கேட்டுக்கொண்டு, உள்ளே போய், எடுத்து வந்து கொடுக்கிறது. ஒரே நேரத்தில் ஆயிரம் மேஜைகளைக் கவனிக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஓட்டலில் விலைப் பட்டியல் இருக்கிறது. கம்ப்யூட்டரிலும் அப்படி ஒரு சீட்டு உண்டு. இந்தச் சேவைக்குக் கட்டணம் எவ்வளவு, மனுவுக்குக் கடைசி நாள் எது, போட்டோ எவ்வளவு பெரிதாக இருக்கலாம், எந்தக் கதவைத் தட்டினால் எந்த அறைக்கு அனுப்ப வேண்டும் என்பவை எல்லாம் அதில் எழுதப்பட்டு இருக்கும். கம்ப்யூட்டர்காரர்கள் இதற்கு "கான்பிகரேஷன்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "விதிச் சீட்டு" என்று சொன்னால் எல்லோருக்கும் புரிந்துவிடும்.

சர்வர் காலையில் வேலைக்கு வந்ததும் இந்தச் சீட்டை ஒரு முறை படிக்கிறது. மனப்பாடம் செய்துகொள்கிறது. அப்புறம் சீட்டைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. வேகமாக வேலை செய்ய அதுதான் வசதி. ஆனால், நடுப்பகலில் யாராவது சீட்டைத் திருத்தினால் சர்வருக்கு அது தெரியாது. பழைய விலையையே சொல்லிக்கொண்டு இருக்கும்!

என்ன செய்வது? சோம்பேறியான முதலாளி ஒரு வழி கண்டுபிடிக்கிறார். சர்வரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மறுபடி வேலைக்கு வரச் சொல்கிறார். உள்ளே நுழையும்போது சீட்டைப் படித்துத்தானே ஆக வேண்டும்? காரியம் முடிந்தது. ஆனால் பாதித் தோசையோடு உட்கார்ந்திருந்தவர்களின் கதி? அதைப் பற்றி முதலாளி கவலைப்படவில்லை.

ரஷ்யர் காட்டிய வழி

ரஷ்யாவைச் சேர்ந்தவர் இகோர் சிசோயெவ். அவர் எழுதிய சர்வர் நிரலின் பெயர் "என்ஜின்-எக்ஸ்". 2004-ம் ஆண்டில் அதை உலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தார். இன்று உலகின் மிகப் பெரிய இணைய தளங்கள் பலவற்றின் வாசலில் நிற்பது இதுதான்.

அதில் ஒரு மானேஜர் உண்டு. அவருக்குக் கீழே பல சர்வர்கள். மானேஜர் எந்த மேஜைக்கும் போகமாட்டார். சீட்டைப் படிப்பதும் ஆட்களை வைப்பதும்தான் அவர் வேலை.

விதிச் சீட்டு மாறியது என்று சொன்னதும், மானேஜர் முதலில் புதிய சீட்டை வரிவரியாகப் படிக்கிறார். எழுத்துப் பிழை இருக்கிறதா? அரைகுறையாக ஏதாவது நிற்கிறதா? அப்படி இருந்தால், "இது செல்லாது" என்று குறித்து வைத்துவிட்டு, பழைய சீட்டின்படியே கடையை நடத்துகிறார். வாடிக்கையாளர் யாருக்கும் ஒன்றும் தெரியாது.

சீட்டு சரியாக இருந்தால், புதிய சர்வர்களை வேலைக்கு அழைக்கிறார். அவர்கள் புதிய விலையைப் படித்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். இனிமேல் வருகிறவர்களை அவர்கள் கவனிப்பார்கள்.

அப்படியானால் பழைய சர்வர்கள்?

அவர்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவது இல்லை. "புதிதாக யாரையும் கவனிக்க வேண்டாம். ஏற்கனவே உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கடைசி வரை பரிமாறிவிட்டுக் கிளம்புங்கள்" என்று மானேஜர் சொல்கிறார். பழைய விலையில் சாப்பிட உட்கார்ந்தவர் பழைய விலையிலேயே சாப்பிட்டு முடிக்கிறார். கடைசி ஆள் கை கழுவியதும் பழைய சர்வர் விளக்கை அணைத்துவிட்டுப் போகிறார்.

கடை ஒரு விநாடி கூட மூடவில்லை!

இதற்கு மூத்தது "அப்பாச்சி" என்ற சர்வர். 1995-ல் வந்தது. அதிலும் இந்த ஏற்பாடு உண்டு. அந்தக் கட்டளைக்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயர் "கிரேஸ்புல்". நயமாக, பக்குவமாக என்று பொருள். கம்ப்யூட்டருக்கும் நயம் தெரிய வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள்!

டெலிபோனை வைத்த கதை

"சீட்டு மாறிவிட்டது" என்று சர்வரின் காதில் ஓதுவதற்கு ஓர் அடையாளச் சொல் உண்டு. "ஹேங்-அப்" என்பது அது. டெலிபோனைக் கீழே வைப்பது என்று அர்த்தம். விதியை மாற்றுவதற்கும் டெலிபோனுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு காலத்தில் பெரிய கம்ப்யூட்டர் ஒரே இடத்தில் இருந்தது. தூரத்தில் இருப்பவர் டெலிபோன் கம்பி வழியாக அதனோடு பேசி வேலை வாங்கினார். அவர் போனை வைத்துவிட்டால், "ஆள் போய்விட்டார், வேலையை நிறுத்து" என்று சொல்ல இந்த அடையாளம் பயன்பட்டது. சர்வருக்கு எதிரே அப்படி ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது இல்லை. ஆகவே அந்த அடையாளம் வேலை இல்லாமல் கிடந்தது. சும்மா கிடந்ததை எடுத்து, "சீட்டை மறுபடி படி" என்பதற்கு வைத்துக்கொண்டார்கள். வீட்டில் பழைய ஊறுகாய் ஜாடியில் புளி போட்டு வைப்பது இல்லையா? அதைப் போல!

டெலிபோன்காரர்கள் இன்னும் ஒருபடி மேலே போனார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சை மூட முடியுமா? ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் பேசிக்கொண்டு இருப்பார். அதனால் 1980-களில் ஸ்வீடன் நாட்டு எரிக்சன் கம்பெனியில் "எர்லாங்" என்று ஒரு கம்ப்யூட்டர் மொழியையே உண்டாக்கினார்கள். அதில் விதிச் சீட்டை மட்டும் அல்ல, நிரலையே ஓட்டத்தில் மாற்றலாம். பேசுகிறவரின் பேச்சு அறுபடாது. அரூரில் இன்று பேத்தி முதல் பாட்டி வரை கையில் வைத்திருக்கும் வாட்ஸ்-அப்பின் சர்வர்கள், இந்த மொழியை வைத்துத்தான் கட்டப்பட்டன.

பாதி எழுதிய மனு

வாசலில் நிற்கும் சர்வர் நயமாக நடந்துகொண்டால் மட்டும் போதுமா? போதாது. உள்ளே சமையல்காரர் இருக்கிறார். மனுவை வாங்கி, சரிபார்த்து, ரசீது போடும் நிரல்தான் அந்தச் சமையல்காரர்.

"டாம்கேட்" என்ற சர்வரிலும், மைக்ரோசாப்ட் கம்பெனியின் "ஏ.எஸ்.பி. டாட் நெட்" ஏற்பாட்டிலும் ஒரு வசதி உண்டு. விதிச் சீட்டு திருத்தப்பட்டதா என்று அவை தாமாகவே எட்டிப் பார்க்கும். திருத்தம் தெரிந்ததும், மொத்த சர்வரையும் நிறுத்தாமல், அந்த ஒரு நிரலை மட்டும் புதிதாகத் தொடங்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால், புதிதாகத் தொடங்கும் சமையல்காரருக்குப் பழைய ஞாபகம் இருக்குமா? யார் எதைக் கேட்டார் என்பதை அவர் தலைக்குள்ளேயே வைத்திருந்தால் எல்லாம் மறந்து போகும். மலையில் இருந்து வந்த தாயின் மனு பாதி எழுதிய நிலையில் இருக்கும். தகப்பனார் பெயர், கிராமம், ரேஷன் கார்டு எண் எல்லாம் அடித்து முடித்து, கடைசிப் பொத்தானை அழுத்துகிற நேரத்தில், "மறுபடி உள்ளே வரவும்" என்று திரை சொல்லும். எல்லாவற்றையும் முதலில் இருந்து அடிக்க வேண்டும்!

சர்வர் நிற்கவில்லை என்று தலைமை அலுவலகத்தில் கணக்கு எழுதுவார்கள். அரூரில் நிற்பவருக்கு அது நின்றதற்குச் சமம்தான்.

இதற்கும் வழி இருக்கிறது. கேட்டதைத் தலைக்குள் வைக்காமல் ஒரு நோட்டில் எழுதி, சமையல் அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். சமையல்காரர் மாறினாலும் நோட்டு மாறாது. புதியவர் நோட்டைப் பார்த்துத் தொடர்ந்து வேலை செய்வார். தனியாக ஒரு தகவல் களஞ்சியத்தில் மனுவைப் படிப்படியாகச் சேமித்து வைப்பது என்பது இதுதான்.

கோவில்களில் நடப்பது என்ன?

இதை எல்லாம் மேல்நாட்டு அதிசயம் என்று வாய் பிளக்க வேண்டியது இல்லை.

அரூருக்கு அருகே இருக்கிறது தீர்த்தமலை. அங்கே தீர்த்தகிரீஸ்வரர் கோவில் இருக்கிறது. இத்தகைய கோவில்களில் திருப்பணி செய்ய வேண்டி வந்தால் என்ன செய்கிறார்கள்? "வேலை நடக்கிறது, பூஜை கிடையாது" என்று போர்டு மாட்டுகிறார்களா? இல்லை. பாலாலயம் அமைக்கிறார்கள். சிறிய இடம் ஒன்றைத் தயார் செய்து, கலசத்திலோ அத்திப் பலகையிலோ தெய்வத்தை எழுந்தருளச் செய்து, அங்கே பூஜையைத் தொடர்கிறார்கள். மூலவர் சன்னதியில் கொத்தனார் வேலை நடக்கும். பக்தர் வந்து கும்பிட்டுவிட்டுப் போவார். கும்பாபிஷேகம் முடிந்ததும் பழைய இடத்துக்குத் திரும்புவார்கள்.

பெரிய மாற்றத்துக்குக் கம்ப்யூட்டர் நிபுணர்கள் இன்று செய்வது இதையேதான். பக்கத்தில் இன்னொரு சர்வரைத் தயார் செய்கிறார்கள். அதில் புதிய விதிகளை ஏற்றிப் பார்க்கிறார்கள். சரியாக இருந்தால் வருகிறவர்களை அங்கே திருப்பி விடுகிறார்கள். பழையதை நிதானமாகப் பழுது பார்க்கிறார்கள். கோவில் ஸ்தபதிகள் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை, அவ்வளவுதான்!

2016-ல் பட்ட பாடு

விதியை எளிதாக மாற்ற முடியாவிட்டால் நாடு என்ன பாடுபடும் என்பதற்கு 2016-ம் ஆண்டைத் தவிர வேறு சாட்சி வேண்டாம்.

அந்த ஆண்டு நவம்பர் 8-ந் தேதி இரவு. பழைய 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. புதிய 2,000 ரூபாய் நோட்டு வந்தது. ஆனால் ஏ.டி.எம். யந்திரத்தில் அதை வைக்க முடியவில்லை. காரணம், நோட்டின் அளவு! பழைய 1,000 ரூபாய் நோட்டு 177 மில்லிமீட்டர் நீளம், 73 மில்லிமீட்டர் அகலம். புதிய 2,000 ரூபாய் நோட்டோ 166 மில்லிமீட்டர் நீளம், 66 மில்லிமீட்டர் அகலம். நோட்டு வைக்கும் தட்டையும் நிரலையும் அதற்கு ஏற்றபடி மாற்ற வேண்டும்.

நாட்டில் 2 லட்சத்துக்கும் அதிகமான ஏ.டி.எம். யந்திரங்கள் இருந்தன. ஓர் இடத்தில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் மாற்றிவிட முடியவில்லை. என்ஜினீயர்கள் ஒவ்வொரு யந்திரமாகத் தேடிப் போனார்கள். திறந்தார்கள். திருத்தினார்கள். மூடினார்கள். இதைக் கவனிக்க ரிசர்வ் வங்கி தனிக் குழுவே அமைத்தது. அதுவரை ஜனங்கள் வெயிலில் நின்றார்கள். அந்த வரிசையை மறந்தவர் யாரும் இருக்க முடியாது.

நோட்டை அச்சிட்டவர்கள் நினைத்தது நோட்டைப் பற்றி. அது போய்ச் சேர வேண்டிய யந்திரத்தைப் பற்றி யாரும் முன்கூட்டி நினைக்கவில்லை என்றே அன்று தோன்றியது.

இதற்கு நேர்மாறான நாள் ஒன்றும் உண்டு. 2025 செப்டம்பர் 22. அன்று ஜி.எஸ்.டி. வரி விகிதங்கள் மாறின. பிஸ்கட், சோப்பு, பற்பசைக்கு 18 சதவீதமாக இருந்த வரி 5 சதவீதம் ஆயிற்று. நெய்க்கும் வெண்ணெய்க்கும் 12-ல் இருந்து 5 ஆயிற்று. செப்டம்பர் 3-ந் தேதியே முடிவு தெரிந்துவிட்டதால் கடைக்காரர்களுக்கு இரண்டரை வாரம் அவகாசம் இருந்தது.

பில் போடும் யந்திரத்தில் வரி விகிதம் தனிச் சீட்டாக எழுதி வைக்கப்பட்டு இருந்தால் வேலை சுலபம். "22-ந் தேதி முதல் 5 சதவீதம்" என்று தேதியோடு முன்கூட்டியே எழுதிவிடலாம். இரவு 12 மணிக்கு யாரும் விழித்திருக்க வேண்டியது இல்லை. அந்த எண்ணையே நிரலுக்குள் புதைத்து வைத்திருந்தால், கம்ப்யூட்டர்காரரைத் தேடி ஓட வேண்டும். வெளியே இருக்க வேண்டியதை உள்ளே புதைப்பதுதான் பாதி வியாதிக்குக் காரணம். கட்டணம், கடைசி நாள், வரி எல்லாம் மாறிக்கொண்டே இருப்பவை. அவற்றைச் சுவரில் கல்வெட்டாகச் செதுக்குவானேன்? பலகையில் சாக்பீசால் எழுதினால் போதுமே!

85 லட்சம் கம்ப்யூட்டர்கள் மயங்கின!

"சரி, இனிமேல் எல்லா விதியையும் ஓட்டத்திலேயே மாற்றிவிடலாமே" என்று துள்ளிக் குதிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் 2024 ஜூலை 19-ந் தேதியை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டர்களுக்குக் காவல் காக்கும் அமெரிக்க நிறுவனம் ஒன்று. பெயர் கிரவுட்-ஸ்டிரைக். திருடர்களின் புதிய தந்திரங்களைப் பற்றி அவ்வப்போது ஒரு குறிப்புச் சீட்டை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அனுப்பும். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டு இருக்கும்போதே காவல் நிரல் அதைப் படித்துக்கொள்ளும். நிறுத்த வேண்டியது இல்லை.

அன்று அனுப்பிய சீட்டில் ஒரு கோளாறு. காவல் நிரலிடம் இருந்த விவரங்கள் 20. சீட்டோ 21-வது விவரத்தையும் கேட்டது. இருபது இலை போட்ட பந்தியில் இருபத்தொன்றாவது இலைக்குப் பரிமாறப் போனால் என்ன ஆகும்? சோறு தரையில் விழும். கம்ப்யூட்டர் தன் நினைவில் இல்லாத இடத்தைத் துழாவியது. அப்படியே மயங்கி விழுந்தது.

நிறுவனம் 78 நிமிடத்தில் அந்தச் சீட்டைத் திரும்பப் பெற்றது. அதற்குள் உலகம் முழுவதும் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் விழுந்துவிட்டன. விமானங்கள் நின்றன. ஆஸ்பத்திரிகள் திணறின. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் சீட்டு கொடுத்தார்கள்! விழுந்த கம்ப்யூட்டர்களில் மிகப் பலவற்றை ஒவ்வொன்றாகக் கையால் எழுப்ப வேண்டி இருந்தது. நிறுத்தாமல் மாற்றுவதற்காக வந்த ஏற்பாடு, லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களை நிறுத்தி எழுப்ப வைத்தது.

தவறு எங்கே? ஓட்டத்தில் மாற்றியதில் அல்ல. அந்தச் சீட்டைச் சரிபார்க்க வேண்டிய நிரலிலேயே ஓட்டை இருந்தது. அதோடு, உலகம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் அனுப்பினார்கள். முதலில் நூறு கம்ப்யூட்டருக்கு அனுப்பிப் பார்த்திருந்தால் நூறோடு போயிருக்கும். இனிமேல் படிப்படியாகத்தான் அனுப்புவோம் என்று அந்த நிறுவனமே பிறகு அறிவித்தது. பொங்கல் வைக்கிற பெண், பானையில் இருந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறாள். அந்த அறிவு போதும்.

அதிகாரிகள் கேட்க வேண்டிய கேள்வி

கம்ப்யூட்டர் நிரலை அரசு அலுவலகங்கள் தாங்களே எழுதுவது குறைவு. பெரும்பாலும் கம்பெனிகளிடம் டெண்டர் விட்டு வாங்குகின்றன. திரை அழகாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்கிறார்கள். "கட்டணத்தை மாற்ற வேண்டும் என்றால் சர்வரை நிறுத்த வேண்டுமா?" என்று கேட்பவர் எத்தனை பேர்?

இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே கம்பெனிக்காரர் நிமிர்ந்து உட்காருவார். தொடர்ந்து இன்னும் இரண்டு கேட்கலாம். தப்பான சீட்டைக் கொடுத்தால் உங்கள் நிரல் அதை மறுத்துவிட்டுப் பழையதோடு ஓடுமா, அல்லது விழுந்துவிடுமா? பாதி மனு எழுதிக்கொண்டு இருப்பவர் என்ன ஆவார்? பதில் எழுத்தில் வேண்டும். ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். இதற்குக் கோடி ரூபாய் தேவை இல்லை. என்ஜின்-எக்ஸ் இலவசம். அப்பாச்சி இலவசம். டாம்கேட் இலவசம். செலவு எல்லாம் யோசிப்பதில்தான்.

எந்தக் காலத்திலும் சர்வரை நிறுத்தவே கூடாது என்று சொல்லிவிட முடியாது. யந்திரம் என்றால் பழுது உண்டு. அடித்தளத்தையே மாற்ற வேண்டிய நாளும் வரும். அரூர்க்காரர்கள் ரெயில் ஏற மொரப்பூருக்குப் போகிறார்கள். அந்த ரெயிலுக்கு டிக்கெட் எடுக்கும் இணைய தளம், நள்ளிரவை ஒட்டி அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத் தினமும் டிக்கெட் விற்பனையை நிறுத்தி வைக்கும் வழக்கம் உடையது. அதனால் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. எந்த நேரம் என்று தெரியும். அந்த நேரத்தில் யாரும் போய் நிற்பது இல்லை.

மின்சார வாரியமும் பராமரிப்பு வேலைக்காகக் கரண்டை நிறுத்துகிறது. ஆனால் முன்கூட்டியே பத்திரிகையில் ஊர்ப் பெயர்களோடு செய்தி வருகிறது. அதைப் பார்த்துவிட்டு வீட்டில் முதல் நாளே மாவு அரைத்து வைக்கிறார்கள். சர்வருக்கு மட்டும் ஏன் இந்த மரியாதை கூடாது? "புதன்கிழமை காலை 11 மணி வரை சேவை கிடையாது" என்று செவ்வாய்க்கிழமையே செல்போனில் ஒரு வரி வந்தால், சித்தேரியில் இருக்கும் தாய் புதன்கிழமை பஸ் ஏறமாட்டார். அன்றைய கூலி அவருக்கு மிஞ்சும்.

சொல்லாமல் நிறுத்துவதுதான் கொடுமை. அதிலும் ஓர் எண்ணை மாற்றுவதற்காக நிறுத்திவிட்டு, கல்லூரிகளில் சேர்க்கை நடக்கும் மாதங்களில், வேலை நேரத்தில், காரணமும் சொல்லாமல் இருப்பது அலட்சியம். பட்டணத்தில் இருப்பவருக்கு ஒரு மணி நேரம் போனால் ஒரு மணி நேரம்தான் போகும். மலையில் இருப்பவருக்கு ஒரு மணி நேரம் போனால் பஸ் போய்விடும். பஸ் போனால் நாள் போய்விடும்.

பிற்பகல் மணி இரண்டு. அரூர் மையத்தில் திரை உயிர் பெறுகிறது. வரிசை நகருகிறது. தாயின் முறை வருகிறது. மகன் பக்கத்தில் நின்று பெயரையும் எண்ணையும் சொல்கிறான். மையத்துப் பெண் வேகமாகத் தட்டுகிறார். பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. ரசீது வருகிறது.

தாய் அதை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொள்கிறார். சித்தேரி பஸ் புறப்பட இன்னும் நேரம் இருக்கிறதா என்று மகனைக் கேட்கிறார். இருவரும் பஸ் நிலையத்தைப் பார்த்து வேகமாக நடக்கிறார்கள்.